பேரீச்சம்பழத்துக்குப் போகாத டைனமோ

முள்ளோடை தாண்டும்போதே ஹெட்லைட் மஞ்சளாகிவிட்டது. கண்ணாடியில் மழைத்தண்ணீர் வழிவதால் அப்படித் தெரிகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரெட்டிச்சாவடி வந்தபோது வைப்பர் பாதிக் கண்ணாடி வரை ஏறி, நின்று யோசித்துவிட்டு, இறங்கி வந்தது. மீட்டர் போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு அணைய மாட்டேன் என்றது. 2023 நவம்பர், ராத்திரி ஒன்பதரை மணி. பாண்டியில் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து கடலூர் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் மகள் தாம்பூலப் பையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். பக்கத்தில் மனைவி, "இப்பத்தானே டைனமோ மாத்துனீங்க?" என்றாள்.

மாற்றினேன்தான், வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற அந்தச் சாமானை. ஜூன் மாதம். புத்தம் புதுசு.

வண்டி, அப்பா 1999இல் வாங்கிய மாருதி 800. கார்புரேட்டர் மாடல், டிஎன் 31 நம்பர். அதில் சார்ஜ் ஏறாமல் போனால் உடனே ஒன்றும் நின்றுவிடாது. பேட்டரியில் சரக்கு இருக்கும்வரை ஓடும். இந்த வண்டிக்கு 35 ஆம்பியர்-அவர் பேட்டரி, அதாவது ஒரு ஆம்பியர் மட்டும் இழுத்தால் 35 மணி நேரம் வரும். ஹெட்லைட் பல்பு ஒன்று 55 வாட் என்றால் இரண்டுக்கும் சேர்த்து 9 ஆம்பியர் போய்விடும். வைப்பர், இக்னிஷன் காயில், பின்விளக்கு எல்லாம் கூட்டினால் 15ஐத் தொடும். நிறைகுடமாக இருக்கிற நல்ல பேட்டரிக்கே இரண்டு மணி நேரம்தான் கணக்கு. என்னுடையது மூன்று வருடப் பேட்டரி. இதெல்லாம் மறுநாள் காகிதத்தில் போட்ட கணக்கு. அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே தந்திரம், முன்னால் போன அரசுப் பேருந்தின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே போவது. அது ஆல்பேட்டை வரை கொண்டுவந்து விட்டது. சோதனைச் சாவடியில் வேகத்தைக் குறைத்தேன். என்ஜின் அடங்கிவிட்டது.

பாண்டியிலிருந்து வரும் காரில் ஆல்பேட்டையில் என்ன தேடுவார்கள் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்கோட்டு போட்ட காவலர் டார்ச்சோடு குனிந்து, "பாட்டில் இருக்கா சார்?" என்றார். "பேட்டரியே இல்ல சார்" என்றேன். சிரித்துவிட்டார். அப்புறம் அவரும் இன்னொருவரும் சேர்ந்து தள்ளி ஓரம் கட்டிக் கொடுத்தார்கள்.

ஜூனில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பழைய டைனமோவிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வர ஆரம்பித்திருந்தது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வண்டியை இருபது வருடமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் அதைக் கழற்றி, கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, "பேரிங் போயிடுச்சு தம்பி. வேற ஒண்ணும் இல்ல. பாண்டிக்குக் கொடுத்து ரீகண்டிஷன் பண்ணிடலாம். அசல் பீஸு, விட்டுடாதீங்க" என்றார். நான் கேட்கவில்லை. ரீகண்டிஷன் என்ற சொல்லே எனக்கு ஆகாது. தேய்ந்துபோன ஒன்றைப் பெயின்ட் அடித்து யார் தலையிலாவது கட்டுவது என்பதுதான் அதற்கு என் மனதில் இருந்த அர்த்தம். புதுசாகவே போட்டுவிடுங்கள் என்றேன்.

கம்பெனி பீஸ் ஏழாயிரத்தை ஒட்டி வரும், வரவழைக்கப் பத்து நாள் ஆகும் என்றார்கள். இன்னொரு கடையில் 2,900 ரூபாய்க்குக் கையிலேயே இருந்தது. பளபளவென்று அலுமினியம், வழவழ அட்டைப்பெட்டி, ஆறு மாதக் கேரன்டி சீட்டு. அண்ணன் அதை வாங்கி, தேங்காய் வாங்குகிறவர் மாதிரி உள்ளங்கையில் ஏந்தி ஒருமுறை தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பழையதை ஒரு சிமென்ட் சாக்கில் சுற்றி, "இது டிக்கியிலேயே கெடக்கட்டும்" என்று போட்டுவிட்டார்.

ஐந்தாவது மாதம் ஆல்பேட்டையில் நின்றேன். கேரன்டி சீட்டை எடுத்துக்கொண்டு போனபோது, தண்ணீர் புகுந்திருக்கிறது, அதற்குக் கேரன்டி கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். கார் மழையில் ஓடும் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி போல.

சொல்ல மறந்துவிட்டேன். இதற்குச் சரியான பெயர் ஆல்டர்னேட்டர். டைனமோ என்பது அதற்கு முந்தைய தலைமுறைச் சாமான். பழைய அம்பாசடர், பியட் காலத்தில் நேர் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. சாமான் போய்விட்டது, பெயர் பட்டறையில் தங்கிவிட்டது. நானும் டைனமோ என்றே எழுதுகிறேன்.

அண்ணன் சொன்ன ரீகண்டிஷன் பட்டறை பாண்டி நெல்லித்தோப்பில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. காயில் கட்டுகிற கடை. வாசலில் செல்ஃப் மோட்டார்கள் பலாப்பழம் மாதிரி குவிந்து கிடக்கும். உள்ளே போனால் வார்னிஷ் வாசனை. மாஸ்டருக்கு அறுபது தாண்டியிருக்கும், எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சாக்கிலிருந்து பழையதையும், வண்டியிலிருந்து கழற்றிய புதியதையும் அவர் முன்னால் வைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் கைக்கு ஒன்றாகத் தூக்கினார். மஞ்சக்குப்பத்து அண்ணன் செய்த அதே காரியம்.

"இது ஏன் லேசா இருக்கு தெரியுமா?" என்றார், புதியதைக் காட்டி. தெரியாது என்றேன்.

நான்கு நீள போல்ட்டுகளைக் கழற்றி, ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, தேங்காய் மூடி பிரிவது போல் இரண்டாகப் பிரித்தார். உள்ளே வட்டமாகக் கம்பி சுற்றியிருக்கும் பாகம்தான் ஸ்டேட்டர். மூன்று கட்டுச் சுற்று. செம்பு நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. பாய் ஒரு பிளேடை எடுத்து ஒரு கம்பியின் மேல் மெதுவாகச் சுரண்டினார். செம்பு நிறம் பொடியாக உதிர்ந்தது. அடியில் வெள்ளை.

"அலுமினியம்" என்றார். "மேல இருக்குறது எனாமல். கலர்தான் காப்பர்."

ஒரே தடிமனில் செம்புக் கம்பியைவிட அலுமினியக் கம்பிக்கு மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். தடை கூடினால் சூடு கூடும். பானெட்டுக்குள் ஏற்கெனவே அடுப்படி. அதில் இதுவும் சேர்ந்து வெந்தால் எனாமல் கருகி, பக்கத்துச் சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். கருகிய இடத்தைப் பாய் காட்டினார். சுண்டுவிரல் நகம் அளவு கறுப்பு.

பிறகு பேரிங். பழைய டைனமோவின் பேரிங்கைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் கம்பெனிப் பெயரும் நம்பரும் பொறித்திருந்தது. பேரிங் நம்பரைப் படிக்க அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். 6203 என்றால் கடைசி 03க்கு அர்த்தம் உள்விட்டம் 17 மில்லிமீட்டர். முன்னால் இருக்கும் 62ஐயும் சேர்த்துப் பார்த்தால் வெளிவிட்டம் 40, அகலம் 12. உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் அதே அளவு. பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. இசட்இசட் என்றால் தகர மூடி. சி3 என்று இருந்தால் சூட்டில் விரிய உள்ளே கொஞ்சம் கூடுதல் இடம் விட்டுச் செய்தது என்று பொருள், என்ஜின் பக்கத்தில் வேலை செய்கிற பேரிங்குக்கு அது தேவை. புதிய டைனமோவிலிருந்து கழற்றிய பேரிங்கில் ஒரு எழுத்துகூட இல்லை. மொழுமொழுவென்று இருந்தது. "பேர் வைக்காத புள்ள" என்றார் பாய்.

என் பழைய டைனமோவில் என்னென்ன தேய்ந்திருந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். இரண்டு பேரிங். இரண்டு கார்பன் பிரஷ். பிரஷ் உரசுகிற செப்பு வளையங்களில் நகத்தால் தடவினால் தெரிகிற அளவு பள்ளம். அவ்வளவுதான். 24 வருடம் ஓடின சாமானில் அலுமினியக் கூடு அப்படியே இருந்தது. இரும்பு அடுக்கு அப்படியே. செம்புச் சுற்று அப்படியே. ஆறு டையோடையும் மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஆறும் நன்றாக இருந்தன. கழற்றிப் போட்டிருந்த அந்தப் புதியதில் ஒன்று அவுட்.

மூன்று நாள் கழித்துப் போனேன். வளையத்தை லேத்தில் மெலிதாகச் சீவி, பேரிங்கும் பிரஷும் ரெகுலேட்டரும் புதுசு போட்டு, ஸ்டேட்டரை வார்னிஷில் முக்கிக் காயவைத்து, கூட்டைச் சுத்தம் செய்து வைத்திருந்தார். பெயின்ட் அடிக்கவில்லை. "பெயின்ட் அடிச்சா நீங்க சந்தேகப்படுவீங்க" என்றார், என் முகத்தில் எதைப் படித்தாரோ. மேசையில் ஒரு மோட்டாரோடு பெல்ட் போட்டு ஓட்டிக் காட்டினார். வரிசையாக ஹெட்லைட் பல்புகளை ஏற்றிக்கொண்டே போனார். மீட்டர் 14.2 வோல்ட்டில் நின்றது. 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சரி. அதற்குக் கீழே போனால் பேட்டரி பட்டினி, மேலே போனால் கொதிக்கும். கடைசியில் ஒரு எண் உளியை எடுத்துக் கூட்டின் மேல் தேதியைத் தட்டினார். 11-23. அதுதான் கேரன்டி சீட்டு. பில் 1,850 ரூபாய்.

புறப்படும்போது, "எர்த்து பாத்தியா?" என்றார். நான் முழித்தேன். கடற்கரை ஊர் வண்டி, எர்த்து ஒயர் பார்க்காமல் டைனமோ மாற்றுகிறாயே என்று திட்டு விழுந்தது. வீட்டுக்கு வந்து மெக்கானிக் அண்ணனும் நானும் பார்த்தோம். என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை டைனமோ கூட்டிலும் இன்னொன்றை பேட்டரியின் நெகட்டிவ்விலும் வைத்தால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் வழியில் எங்கோ அடைப்பு. எங்களுக்கு 0.9 காட்டியது. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் பட்டை ஒயரின் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. உப்பங்காற்றின் வேலை. தேவனாம்பட்டினம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஒயர் 220 ரூபாய். அத்தனை வருடமும் பேட்டரி ஒருநாள்கூட வயிறு நிறையச் சாப்பிட்டதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆக, அந்த ராத்திரிக்கான பழியில் கால் பங்காவது என் கணக்கில் வரும்.

இந்த வேலைக்கு வெளிநாட்டில் ரீமேனுஃபேக்சரிங் என்று பெயர், தனித் தொழிலாகவே நடக்கிறது. பழைய சாமானை முழுதாகப் பிரித்து, கழுவி, தேய்ந்ததை எல்லாம் மாற்றி, புதியதற்கு வைக்கிற அதே சோதனையை வைத்து வெளியே விடுவது. 1942இல் போருக்காக அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை நிறுத்தியபோது, இருக்கிற வண்டியை ஓட்டியே ஆக வேண்டும் என்ற நிலையில் அங்கே இது பெரிதாக வளர்ந்தது. பாண்டிக்கார நண்பர்களுக்காக ஒரு பிரெஞ்சுத் தகவல்: பாரிசுக்குப் பக்கத்தில் சுவாசி-ல்-ருவா என்ற ஊரில் ரெனால்ட் கம்பெனி 1949இலிருந்தே பழைய என்ஜின், கியர்பாக்ஸ்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் ஆலையை நடத்தியது. அங்கெல்லாம் புதுப்பித்த சாமானை வாங்கும்போது பழையதற்கு ஒரு முன்பணம் வாங்கிவிடுவார்கள். பழையதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பணம் திரும்ப வரும். காலி சிலிண்டரைக் கொடுத்து நிறைந்த சிலிண்டர் வாங்குகிற அதே வழக்கம். நம்மூர்க் கடைகளில் எக்ஸ்சேஞ்ச் பீஸ் என்பார்கள். அதற்கும் முன்னால், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவர் இதைத்தான் செய்தார், அவர் கொடுத்தது மட்டும் வேறு.

நான் புதுசு, பழசு என்று இரண்டாகப் பிரித்து யோசித்ததுதான் தப்பு. புதுசிலேயே இரண்டு சாதி இருக்கிறது. கம்பெனி பீஸ் ஒன்று, லோக்கல் பீஸ் ஒன்று. ரீகண்டிஷனிலும் இரண்டு. பாய் செய்தது ஒன்று. மேலே கழுவி, ஓடாத பிரஷை மட்டும் மாற்றி, வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பது இன்னொன்று. முன்னிரண்டுக்கும் நடுவில் விலை பாதிக்குப் பாதி. பின்னிரண்டுக்கும் வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது, கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். "இதில் எதை எல்லாம் மாற்றினீர்கள்?" பாய் மாதிரி ஆட்கள் கழற்றிய பழைய பேரிங்கை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். மற்றவர்கள் "எல்லாம் பண்ணியிருக்கு சார்" என்பார்கள்.

ஏரிப்பாக்கத்தில், நெட்டப்பாக்கம் பக்கம், லூகாஸ் டிவிஎஸ் ஆலை இருக்கிறது. இதே வகைச் சாமான்களை வருடக்கணக்காகச் செய்கிற கம்பெனி. அப்படிப்பட்ட ஆலையிலிருந்து வந்த ஒரு கூடு 24 வருடம் தாங்கும் என்றால், உள்ளே இரண்டு பேரிங்கை மாற்றுவதற்காக அதை எடைக்குப் போடுவது என்ன கணக்கு? இதை என் மனைவி கேட்டாள். அவளுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தேன். மிக்சி ஜாருக்கு பிளேடும் புஷ்ஷும் மாற்றுகிறவளுக்குத் தெரியாமல் என்ன?

சரி, பாய் புராணம் பாடிவிட்டேன் என்பதற்காக எல்லாவற்றையும் ரீகண்டிஷன் பண்ணிவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதிலும் எனக்கு அடி விழுந்திருக்கிறது.

டைனமோ ஜெயித்த மிதப்பில், அடுத்த வருடம் பின்சக்கர பிரேக்கில் ஆயில் கசிந்தபோது, சிலிண்டர் புதுசு வேண்டாம், உள்ளே ரப்பர் கிட் மட்டும் போட்டால் போதும் என்று நானே சொன்னேன். வேறொரு பட்டறை. அவர்களும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நாற்பது நாள் கழித்து ஒரு காலையில் கெடிலம் பாலத்தின் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மெத்தை மாதிரி உள்ளே போனது. முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ, அதன் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி ஒரு பள்ளிக்கூடப் பையன். இப்போதும் அவன் முகம் நினைவிருக்கிறது. வண்டி நின்றது, இரண்டு அடி இடைவெளியில். பிரேக் ஆயில் ஓட இரண்டு தனித்தனி வழி வைத்துச் செய்த வண்டி என்பதால் ஒன்று போனாலும் மற்றது பிடித்தது. இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை நான் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

மஞ்சக்குப்பத்து அண்ணன் அந்தச் சிலிண்டரைப் பிரித்து டார்ச் அடித்துக் காட்டினார். உள்சுவரில் குண்டூசி முனை அளவுக்குத் துரு தின்ற குழிகள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். வருடக்கணக்காக மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் உள்ளேயிருந்து இரும்பைத் தின்னும். எவ்வளவு நல்ல ரப்பர் போட்டாலும் அந்தக் குழி மேல் தேய்ந்துதானே ஓட வேண்டும்? "டைனமோல தேஞ்சது என்ன? பேரிங். அத மாத்துனோம். இதுல தேஞ்சது செவுரு. அத மாத்தல, வாஷர மாத்திட்டு வந்திருக்கீங்க" என்றார். திட்டக்கூட இல்லை. அன்றைக்கே நான்கு சக்கரத்து ஹோஸ், இரண்டு வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் கம்பெனி பீஸாகப் போட்டேன். பிரேக், ஸ்டியரிங், பால் ஜாயின்ட் இந்த மூன்றிலும் எனக்கு இனிப் பேரம் கிடையாது. டைனமோ போனால் ஆல்பேட்டையில் தள்ளிவிட ஆள் வருவார்கள். பிரேக் போனால் வருகிற ஆட்கள் வேறு.

கார்புரேட்டரிலும் இதே கதைதான், உயிர் போகிற விஷயமில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஐடிலிங்கில் வண்டி ஏறி இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கிட் போட்டோம்: கேஸ்கெட், ஊசி, டயஃப்ரம். ஒரு வாரம் நன்றாக இருந்து மறுபடி அதே ராகம். தேய்ந்திருந்தது ஆக்சிலேட்டர் மிதித்தால் திரும்பும் அந்தச் சின்னத் தண்டும் அது உட்காரும் துளையும். பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது. அந்த இடுக்கு வழியாக என்ஜின் கள்ளத்தனமாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. துளையைப் பெரிதாக்கி பித்தளை புஷ் இறக்கிய பிறகுதான் அடங்கியது. அதைச் செய்தவர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு லேத்துக்காரர், 400 ரூபாய். கிட்டுக்கு அதைவிட அதிகம் கொடுத்திருந்தேன்.

கிளட்ச்சுக்கு மட்டும் வேறு கணக்கு. லாரிக்காரர்கள் பழைய பிளேட்டில் புது லைனிங் ரிவெட் அடித்துப் போட்டு ஓட்டுகிறார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் என் வண்டியில் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றினால்தான் கிளட்ச்சைத் தொட முடியும். அந்தக் கூலி சாமான் விலைக்குப் பக்கத்தில் வருகிறது. ஐநூறு மிச்சம் பிடிக்கப் போய் அது ஆறு மாதத்தில் நழுவ ஆரம்பித்தால் கூலியை இரண்டாம் முறை அழ வேண்டும். டைனமோ என்றால் பெல்ட்டைத் தளர்த்தி மூன்று போல்ட், அரை மணி நேரம். தப்பாகப் போனாலும் நஷ்டம் சின்னது.

ரேடியேட்டரைச் சொல்ல ஒன்றுமில்லை. பித்தளைத் தொட்டி வைத்த பழைய மாதிரி கையில் இருந்தால் கோர் மாற்றி ஈயம் பற்றவைத்துப் பிழைக்க வைக்கலாம். பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் புதுசுதான்.

இன்னொன்று. புதுசு என்ற பெயரில் கிழடு விற்பதும் உண்டு. மூடப்போகிற ஒரு பழைய கடையில் பரண் மேலிருந்து என் மாடலுக்கான பிரேக் ஹோஸை எடுத்துக் கொடுத்தார்கள். பிரிக்காத கவர், கம்பெனி முத்திரை, பழைய விலை. குதித்துக்கொண்டு வாங்கி வந்தேன். அண்ணன் அதை விரலில் வளைத்தார். மேற்புறம் எங்கும் மெல்லிய வெடிப்புகள், காய்ந்த ஏரி மாதிரி. ரப்பருக்கு வயது ஓடுவது வண்டியில் மாட்டிய நாளிலிருந்து இல்லை, வார்த்த நாளிலிருந்து. மாருதி 800 உற்பத்தியே 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. 25 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி என்பதால் சாமான் இன்னும் கிடைக்கிறது, ஆனால் ரப்பரில் தேதி பார்க்காமல் வாங்கக் கூடாது.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற சென்னை புதுப்பேட்டைக்குப் போய் வரலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கதவு, பம்பர், கண்ணாடி, சீட்டு இதற்கெல்லாம் நானே போவேன். மின்சாரச் சாமானுக்கு மட்டும் பாய் போகாதே என்றார். 2015 வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளிலிருந்து கழற்றியவை அவரிடமே ரிப்பேருக்கு வந்திருக்கின்றன. வெளியே துடைத்துவிடுவார்கள், பிரித்தால் சுற்றுக்குள் வண்டல் இருக்கும். அந்த வெள்ளத்தைக் கடலூரிலிருந்து பார்த்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சொந்தக்காரர்கள் மத்தியில் இன்னொரு பழைய நம்பிக்கை ஓடுகிறது: பாண்டியில் வாங்கினால் சாமான் மலிவு. 2017இல் ஜிஎஸ்டி வந்த பிறகு எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வரி ஒன்றுதான். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாக வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறக்கியபோது இரண்டு ஊரிலும் ஒன்றாகத்தான் இறங்கியது. கம்பெனி பீஸ் வாங்குவது அதனால் கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். நான் பாண்டிக்குப் போவது விலைக்காக இல்லை, நெல்லித்தோப்புச் சந்துக்காக.

இவ்வளவு எதற்கு, வண்டியைக் கொடுத்துவிடு என்று மைத்துனர் சொல்கிறார். விற்றால் நாற்பதாயிரம் கிடைத்தால் அதிகம். 2022 ஏப்ரலில் 15 வருடம் தாண்டின காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 5,000 ஆக்கினார்கள். 2024இல் நானும் போய்க் கட்டினேன். ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைச் சுற்றிப் பார்த்த அதிகாரி, பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்கீங்க" என்றார். அதற்காகவே இன்னொரு ஐயாயிரம் கட்டலாம் போலிருந்தது. மைத்துனரிடம் சொல்லவில்லை.

பாய் தட்டிய 11-23 இப்போது பாதி தூசி மூடிக் கிடக்கிறது. இரண்டு வருடம் தாண்டிவிட்டது. இடையில் ஒருமுறைகூடக் கழற்றவில்லை.

அந்த 2,900 ரூபாய்ப் புதுசு ரொம்ப நாள் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. பாயிடம் எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்கொள்வீர்களா என்று அன்றைக்கே கேட்டிருந்தேன். "என் பழசுக்கு நீங்க எழுநூறு தருவேன்னீங்களே, இது அஞ்சு மாசம்தானே பாய் ஓடியிருக்கு?" என்றேன். "உள்ள எடுத்து வச்சுக்கிறதுக்கு ஏதாவது இருந்தாத்தானே அதுக்கு வெல" என்றார்.

போன மாதம் பழைய இரும்புக்காரர் வந்தார். இப்போது அவரிடம் பேரீச்சம்பழம் இல்லை, எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறது. டைனமோவை எடுத்துப் போட்டேன். எடை பார்க்கும் முன் இடுப்பிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்து, கூட்டின் இடுக்கு வழியே உள்ளே விட்டு, கம்பியில் ஒரு இழுப்பு இழுத்தார். குனிந்து பார்த்தார்.

"காப்பர் இல்லையே சார்."

தெரியும் என்றேன். 120 ரூபாய் கொடுத்தார். போகும்போது, ஷெட்டில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு, "அதுல பழைய டைனமோ இருந்தா சொல்லுங்க சார், நல்ல ரேட்டு போட்டுத் தரேன்" என்றார்.

நான் போய் பானெட் சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தேன்.